பகலில் தூங்கும் துறைமுகம்: இத்தாலியின் சேத்தாரா

இத்தாலியின் அமால்ஃபி கடற்கரைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் மூன்று ஊர்ப்பெயர்களைக் குறித்துக்கொண்டுதான் கிளம்புகிறார்கள்: பொசித்தானோ, அமால்ஃபி, ராவெல்லோ. மூன்றுமே அழகான ஊர்கள். ஆனால் கோடையில் போனால் முன்னால் நடப்பவரின் முதுகைப் பார்த்துக்கொண்டேதான் படி ஏற வேண்டியிருக்கும். அதே கடற்கரையின் கிழக்குக் கோடியில், சலேர்னோ நகரத்திலிருந்து சுமார் 10 கிலோமீட்டரில், சேத்தாரா என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. மக்கள்தொகை ஏறக்குறைய 2,000, அவ்வளவுதான். இரண்டு மலைச்சரிவுகளுக்கு நடுவே ஒரு பள்ளத்தாக்கு. அது கடலைத் தொடும் இடத்தில் ஒரு துறைமுகம். கரையோரப் பாறைமேல் ஒரு காவல் கோபுரம். பச்சையும் மஞ்சளுமாக மின்னும் ஓடு பதித்த குவிமாடத்தோடு புனித பேதுரு ஆலயம். மேலே அடுக்கடுக்காக எலுமிச்சைத் தோட்டங்கள். ஒரே புகைப்படத்தில் மொத்த ஊரும் அடங்கிவிடும்.

மதிய வேளையில் அங்கே ஜன்னல்கள் சாத்தியிருக்கும். துறைமுக மேடையில் வலைகள் குவிந்து கிடக்கும், பக்கத்தில் ஆள் இருக்காது. சுற்றுலாக் குறிப்புகளில் இப்படிப்பட்ட ஊர்களைக் காலம் உறைந்துபோன ஊர் என்று எழுதிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. ராத்திரி முழுக்கக் கடலில் இருந்துவிட்டு விடியற்காலையில் கரைக்கு வந்தவர்கள் அந்த ஜன்னல்களுக்குப் பின்னால் தூங்குகிறார்கள். சேத்தாராவில் நாம் பார்க்கிற அழகு, கேட்கிற அமைதி இரண்டுக்கும் பின்னால் மீன் இருக்கிறது. இன்னும் சரியாகச் சொன்னால் இரண்டு மீன்கள்: நெத்திலியும் சூரையும். அவற்றின் கதை தெரிந்தால் அந்தக் கோபுரம், தெரு, பீப்பாய்கள் எல்லாமே வேறு மாதிரி கண்ணில் படும்.

ஊரின் பெயரிலேயே மீன் இருக்கிறது. சூரை போன்ற பெரிய மீன்களை மடக்கிப் பிடிக்கும் இடத்துக்கும் மீன் வளர்க்கும் குளத்துக்கும் லத்தீனில் 'சேத்தாரியா' என்று பெயர். அதிலிருந்துதான் இந்தப் பெயர் வந்தது என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். இடைக்காலத்தில் இது அமால்ஃபி ஆட்சிப்பகுதியின் கிழக்கு எல்லை. அப்புறம், மலைக்கு அந்தப் பக்கம் காவா என்ற ஊரில் 11-ஆம் நூற்றாண்டில் எழுந்த, பெனடிக்ட் சபைக் கிறிஸ்தவத் துறவிகளின் பெரிய மடத்தின் கைக்குப் போனது. கடலில் கிடைத்த மீனில் ஒரு பங்கு மடத்துக்குப் போக வேண்டும் என்பது ஏற்பாடு. நிலத்துக்கு வரி கட்டிய ஊர்களை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம். இங்கே விளைநிலமே கடல்தான்.

கடலைப் பிழைப்பாகக் கொண்டவர்களுக்குக் கடல்வழியாகவே பயமும் வந்தது. 9-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அரபுக் கடலோடிகள் கொஞ்ச காலம் இந்தக் குடாவைத் தங்களுடைய தளமாக வைத்திருந்தார்கள். அதைவிட ஊரின் நினைவில் ஆழமாகத் தங்கியது 1534. அந்த ஆண்டு சினான் பாஷாவின் தலைமையில் வந்த துருக்கியக் கப்பல்கள் ஊரைச் சூறையாடி, ஏறக்குறைய 300 பேரை அடிமைகளாகப் பிடித்துக்கொண்டு போயின. சின்ன மீனவ ஊரில் 300 பேர் என்றால் என்ன அர்த்தம்? அடுத்த நாள் வலை இழுக்க ஆள் இல்லை என்று அர்த்தம். அதற்குப் பிறகுதான் ஸ்பெயின் அரசின் சார்பில் நேப்பிள்ஸை ஆண்ட ராஜப்பிரதிநிதிகள் தென் இத்தாலியக் கரை நெடுகக் காவல் கோபுரங்களைக் கட்டவும், இருந்தவற்றைப் பலப்படுத்தவும் முனைந்தார்கள். ஒரு கோபுரத்திலிருந்து பார்த்தால் அடுத்தது தெரியும். ஒன்றில் தீ மூட்டினால் அடுத்ததில் மூட்டுவார்கள். சேத்தாரா கோபுரத்தின் அடித்தளம் அதற்கும் முந்தையது. இன்றைக்கு அதற்குள் ஒரு சிறிய அருங்காட்சியகம் இருக்கிறது. ஊரிலேயே அதிகமாகப் படம் எடுக்கப்படுகிற கட்டடம் அதுதான். படம் எடுத்து முடித்ததும் ஒரு நிமிடம் திரும்பி நின்று, கோபுரத்தைப் பார்ப்பதற்குப் பதிலாக, கோபுரம் எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறதோ அந்தத் தொடுவானத்தைப் பார்க்க வேண்டும் என்பது என் விருப்பம்.

ஊரின் அமைப்பும் இப்படித்தான். வீடுகள் கடலோரமாகப் பரந்து நிற்கவில்லை. கடலுக்கு ஒதுங்கி, பள்ளத்தாக்குக்குள் மேல்நோக்கி ஏறிப்போகின்றன. நடுவே ஓடும் பெரிய தெருவில் நடக்கிறவர்களுக்குக் காலுக்குக் கீழே ஒரு ஓடை ஓடுவது தெரியாது. ஓடையை மூடி, அதன்மேல்தான் தெரு போட்டிருக்கிறார்கள். இந்த மலைகள் சுண்ணாம்புப் பாறை. அதன்மேல் வெசூவியஸ் எரிமலை பல முறை வாரி இறைத்த சாம்பலும் நுரைக்கல்லும் படிந்திருக்கின்றன. எலுமிச்சையும் திராட்சையும் இவ்வளவு செழிப்பாக வளர்வதற்கு அந்த மண் ஒரு காரணம். ஆனால் பாறைமேல் ஒட்டாமல் கிடக்கும் மண் அது. ஒரே ராத்திரியில் பேய்மழை கொட்டினால் மொத்தமாகச் சரிந்து ஓடைவழியே இறங்கிவிடும். 1910 அக்டோபரில் அப்படி இறங்கியது. சேத்தாராவில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 1954 அக்டோபரில் இதே கடற்கரைப் பகுதியிலும் சலேர்னோவிலும் 300-க்கும் அதிகமானோர் பலியானார்கள்.

சரிவுகளில் அடுக்கடுக்காகத் தெரிகிற கல்சுவர்களை இந்தக் கணக்கோடுதான் பார்க்க வேண்டும். சுண்ணாம்போ சிமெண்டோ இல்லாமல், கல்லின்மேல் கல்லை வைத்தே கட்டிய சுவர்கள். மண்ணைப் பிடித்து நிறுத்துகின்றன, மழைநீரை இடுக்குகள் வழியே மெதுவாகக் கசியவிடுகின்றன. எலுமிச்சைக்காகக் கட்டியவை என்றாலும் கீழே இருக்கிற வீடுகளையும் காப்பது அவைதான். அவற்றைப் பராமரிப்பது முதுகை ஒடிக்கிற வேலை. செங்குத்தான சரிவில் இயந்திரம் ஏறாது. மனிதன் தோளில்தான் எல்லாம் போக வேண்டும். அதனால் பல தோட்டங்கள் கைவிடப்பட்டு வருகின்றன. அமால்ஃபி கடற்கரை 1997-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. மனிதர் கைபட்டு உருவான நிலக்காட்சி என்பதுதான் அதற்குச் சொல்லப்பட்ட காரணம். அந்தக் கை ஓய்ந்தால் காட்சியும் சரியும்.

சரி, மீனுக்கு வருவோம். முதலில் சூரை.

துறைமுகத்தில் கட்டிக் கிடக்கும் பெரிய எஃகுப் படகுகளைப் பார்த்ததும் இவ்வளவு சின்ன ஊருக்கு இவ்வளவு பெரிய படகுகளா என்று தோன்றும். அவை சூரை பிடிக்கும் சுருக்குமடிப் படகுகள். மத்தியதரைக் கடலின் முக்கியமான சூரைப் படகுக் கூட்டங்களில் ஒன்று இந்த ஊருடையது. அவர்கள் தேடுவது நீலத்துடுப்புச் சூரை. நம்ம ஊர்ச் சந்தையில் பார்க்கிற சூரையோடு இதை ஒப்பிட முடியாது; நன்றாக வளர்ந்தது 200, 300 கிலோ இருக்கும், அதற்கு மேலும் போகும். அட்லாண்டிக் பெருங்கடலில் திரிகிற இந்த மீன்களில் ஒரு பெரும் பகுதி மே, ஜூன் மாதங்களில் முட்டையிட ஜிப்ரால்டர் நீரிணை வழியாக மத்தியதரைக் கடலுக்குள் வருகிறது. அப்போது கூட்டமாக மேல்மட்டத்தில் நீந்தும். கூட்டத்தைச் சுற்றி வலையை வட்டமாக விட்டு, அடியில் கயிற்றை இழுத்துப் பையின் வாயைச் சுருக்குவதுபோலச் சுருக்கிவிட்டால் மொத்தக் கூட்டமும் உள்ளே. தமிழ்நாட்டில் 2000-ஆம் ஆண்டிலிருந்து தடையிலும் வழக்குகளிலும் கிடக்கிற அதே சுருக்குமடிதான். அந்த வலையின் பலம் என்ன, அது ஏன் மற்ற மீனவர்களைக் கலங்க வைக்கிறது என்று நம் கடற்கரைக்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

சேத்தாராவின் கதையிலும் அந்தப் பலம் ஒரு கட்டத்தில் எல்லை மீறியது. ஜப்பானின் சுஷிச் சந்தை இந்த மீனின் விலையை எங்கேயோ கொண்டுபோனது. 1990-களில், பிடித்த மீனை உயிரோடு மிதவைக் கூண்டுக்கு மாற்றி, மாதக்கணக்கில் கொழுக்க வைத்து விற்கும் முறை பரவியது. மத்தியதரைக் கடல் முழுக்கப் படகுகள் பெருகின, சூரை அருகியது. அட்லாண்டிக் சூரைகளைப் பாதுகாப்பதற்கான சர்வதேச ஆணையம் 2006-இல் மீட்புத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. கிழக்கு அட்லாண்டிக், மத்தியதரைக் கடல் இரண்டுக்கும் சேர்த்து, ஆண்டுக்குப் பிடிக்க அனுமதித்த அளவு 2011-இல் 12,900 டன்னாகக் குறைக்கப்பட்டது. பல படகுகள் தொழிலை விட்டே விலகின. மீனவக் குடும்பங்களுக்கு அது கடினமான காலம். ஆனால் மீன் திரும்பி வந்தது. 2020-இல் அனுமதி அளவு 36,000 டன். 2023-இல் 40,570 டன். 2021-இல், அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களைக் கணக்கிடும் உலகச் சிவப்புப் பட்டியலிலும் இந்தச் சூரை அழிவு அபாய நிலையிலிருந்து வெளியே வந்தது. கடலுக்கு அவகாசம் கொடுத்தால் அது திருப்பித் தரும் என்பதற்கு இவ்வளவு தெளிவான சான்று அபூர்வம். வலி பொறுத்தவர்கள் கரையில் இருந்தவர்கள் என்பதையும் கூடவே சொல்லியாக வேண்டும்.

இன்றைக்குச் சுருக்குமடிப் படகுகளுக்குக் கிடைக்கிற பருவம் மே கடைசியிலிருந்து ஜூலை தொடக்கம் வரை, ஏறக்குறைய ஐந்து வாரம். ஒவ்வொரு படகுக்கும் இவ்வளவு டன் என்று அளவு உண்டு. அது நிரம்பியதும் பருவம் முடிந்தது. பிடிபட்ட மீன் பெரும்பாலும் சேத்தாராவுக்கு வருவதுகூட இல்லை. வலையிலிருந்து நேராக இழுவைக் கூண்டுக்குப் போய், மால்டா போன்ற இடங்களில் உள்ள கொழுப்பிக்கும் பண்ணைகளுக்கு மெதுவாக இழுத்துச் செல்லப்படுகிறது. ஆகவே அந்தப் பெரிய படகுகள் ஆண்டின் பெரும்பகுதி துறைமுகத்தில் சும்மா நிற்பதாகத் தெரியும். ஐந்து வாரச் சம்பாத்தியத்தின் நிழல்தான் மீதி மாதங்களில் அங்கே நிலவும் நிதானம். பக்கத்து ஊர்கள் விடுதி கட்டிப் பிழைத்தபோது சேத்தாரா அந்த வழியில் முழுதாகப் போகாததற்கு இதுவே முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன். அவர்களுக்குச் சொந்தமாக ஒரு தொழில் இருந்தது. கடற்கரையின் நல்ல பகுதியைத் துறைமுகம் எடுத்துக்கொண்டது. மிஞ்சிய கூழாங்கல் மணலில் ஊர்க்குழந்தைகள் குளிக்கிறார்கள்.

இனி நெத்திலி. மனசுக்கு நெருக்கமான பகுதி எனக்கு இதுதான்.

இத்தாலிக்காரர்கள் 'ஆலிச்சி' என்று சொல்லும் இந்த மீன் நம்ம நெத்திலியின் சொந்தக்காரன். குடும்பம் ஒன்றுதான், உருவம் கொஞ்சம் பெரிது. பிடிப்பது இரவில். படகில் பிரகாசமான விளக்கைக் கட்டி, வெளிச்சத்துக்கு நெத்திலிக் கூட்டம் மேலே வந்து திரண்டதும் வலையைச் சுற்றுவார்கள். விளக்கின் பெயரால் இந்தத் தொழிலுக்கே 'லாம்பாரா' என்று பெயர். நிலா வெளிச்சம் இருக்கிற இரவில் விளக்குக்கு மதிப்பில்லை, மீன் திரளாது. அதனால் பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் தொழில் மந்தம்; அமாவாசையை ஒட்டிய இருட்டில்தான் சுறுசுறுப்பு. போகிறவர்கள் நாட்காட்டியில் நிலாவைப் பார்த்து நாள் குறிக்கலாம். நிலவில்லாத ராத்திரியில் கோபுரத்துப் பக்கம் நின்றால் சலேர்னோ வளைகுடாவில் விளக்குகள் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பிக்கும்.

இந்த நெத்திலியிலிருந்துதான் சேத்தாராவைச் சமையல்காரர்கள் உலகில் பிரபலமாக்கிய பொருள் வருகிறது: 'கொலாத்துரா தி ஆலிச்சி'. வடிந்து இறங்கியது என்று அந்தச் சொல்லுக்குப் பொருள். தேன் நிறத்துக்கும் செம்பழுப்புக்கும் இடைப்பட்ட, தெளிந்த, நெத்திலியின் வடிநீர்.

மார்ச் கடைசியிலிருந்து ஜூலை வரை பிடிபடும் நெத்திலிதான் இதற்கு ஏற்றது. அப்போது அதில் கொழுப்பு குறைவு. பிடித்த உடனேயே தலையையும் குடலையும் கையால் கிள்ளி எடுக்கிறார்கள். கத்தி கிடையாது. கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் சேர்ந்து ஒரே இழுப்பு. நெத்திலி ஆய்ந்து பழகிய நம் வீட்டுப் பெண்கள் இதைப் பார்த்தால் உடனே பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார்கள். அப்புறம் 'தெர்சிஞ்ஞோ' என்கிற சின்ன மரப்பீப்பாயில் அடுக்குவது. மேலே மலையில் வளரும் கஷ்கொட்டை மரத்தில் செய்தது. முழுப் பீப்பாயில் மூன்றில் ஒரு பங்கு என்பதால் அந்தப் பெயர். ஒரு அடுக்கு உப்பு, ஒரு அடுக்கு மீன். ஒரு மீனின் தலைப்பக்கம் அடுத்ததன் வால்பக்கத்தை ஒட்டி வரும்படி வரிசையாக வைக்கிறார்கள், இடைவெளி விழாமல். நிரம்பியதும் மேலே மரத்தட்டு போட்டு, அதன்மேல் கனமான கல்லை ஏற்றிவிடுவார்கள்.

உள்ளே நடப்பது கருவாடு போடுகிறவர்களுக்குப் பாதி தெரிந்த கதை. உப்பு மீனின் தண்ணீரை வெளியே இழுக்கிறது. அழுகவைக்கும் கிருமிகளுக்கு அந்த உப்பில் இடமில்லை. ஆனால் மீனின் சதையிலேயே இருக்கிற நொதிகள் வேலையை நிறுத்துவதில்லை. அவை புரதத்தை மெல்ல மெல்ல அமினோ அமிலங்களாக உடைக்கின்றன. அவற்றில் குளூட்டாமேட் நிறைய. நாக்கில் ஆட்டெலும்பு ரசம் குடித்தாற்போல் ஒரு நிறைவு தங்குவது அதனால்தான். கருவாட்டில் நீர் வெயிலில் போய்விடுகிறது, மீனை வைத்துக்கொள்கிறோம். இங்கே நீருக்குத்தான் மதிப்பு. மேலே ஊறி வரும் நீரைச் சேகரித்து, கண்ணாடிப் பாத்திரத்தில் வெயிலில் வைத்துச் செறிவாக்கி, மறுபடியும் பீப்பாயின் மேலேயே ஊற்றுகிறார்கள். பக்குவமான நெத்திலி அடுக்குகளுக்குள் அது சொட்டுச்சொட்டாக இறங்கி, ஒவ்வொரு அடுக்கிலும் கொஞ்சம் வாசனை வாங்கிக்கொண்டு, கீழே 'வ்ரியாலே' என்கிற கருவியால் போட்ட ஓட்டை வழியே வெளியே வருகிறது. பழைய வழக்கப்படி கோடைக்கு முன் உப்பிட்டது டிசம்பர் தொடக்கத்தில் கிடைக்கும். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் இரவு இறைச்சி சாப்பிடாத விரதச் சாப்பாடு. அன்றைய ஸ்பகெட்டிக்கு இதுதான் சாறு. ஐரோப்பிய ஒன்றியம் 2020-இல் இதற்கு, நம் புவிசார் குறியீடு போன்ற, பாதுகாக்கப்பட்ட பிறப்பிடப் பெயர் என்ற தகுதியைக் கொடுத்தது. அந்த விதிப்படி குறைந்தது 9 மாதம் பக்குவமாக வேண்டும்.

வடிநீரின் முன்னோர் யார் என்று தேடினால் ரோமானியர்களின் 'காரும்' வரைக்கும் போகலாம். மீனையும் அதன் குடலையும் உப்பிட்டு வெயிலில் நொதிக்கவிட்டு எடுத்த சாறு அது. சேத்தாராவிலிருந்து மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற பொம்பெயி நகரம் அதற்குப் பேர்போனது. ஆவுலுஸ் உம்பிரிசியுஸ் ஸ்காவுருஸ் என்ற மீன்சாறு வியாபாரி தன் வீட்டுத் தரையிலேயே சரக்குக் குடுவைகளைப் பெயரோடு வண்ணக்கல் ஓவியமாகப் பதித்து வைத்திருந்தான். எரிமலைச் சாம்பல் மூடியதால் அது இன்றும் இருக்கிறது. முதல் நூற்றாண்டில் எழுதிய ரோமானிய அறிஞர் மூத்த பிளினி, வாசனைத் தைலங்களைத் தவிர இவ்வளவு விலை போகும் திரவம் வேறில்லை என்கிற அளவுக்குச் சொல்கிறார். அந்தச் சாறு நம் கரைக்கும் வந்திருக்கிறது. புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில் கிடைத்த ரோமானிய ஜாடித் துண்டுகளில் மதுவும் ஆலிவ் எண்ணெயும் வந்த ஜாடிகளோடு காரும் வந்த ஜாடிகளும் இருப்பதாக ஆய்வாளர்கள் அடையாளம் கண்டிருக்கிறார்கள். இங்கே தங்கியிருந்த மேற்கத்திய வணிகர்கள் தங்களுக்காகவே கொண்டுவந்திருக்கலாம். ஆனாலும் அந்த வாசனை ஒரு காலத்தில் வங்கக் கடற்கரைக் காற்றில் கலந்திருந்தது என்று நினைக்கும்போது எனக்கு மெய்சிலிர்க்கிறது.

காருமிலிருந்து கொலாத்துராவுக்கு அறுபடாத ஒரே கோடு போட்டுவிட முடியாது. காருமில் குடல்தான் உயிர். குடலில் இருக்கிற வீரியமான நொதிகள்தான் மீனைக் கரைக்கும். கொலாத்துராவில் குடலையே எடுத்துவிடுகிறார்கள். இடைக்காலத்தில் இந்தக் கடற்கரையின் துறவிகள் மரப்பீப்பாய்களில் நெத்திலியை உப்பிட்டு வைத்தபோது பலகை இடுக்குகளில் கசிந்த நீரிலிருந்து இது பிறந்தது என்று உள்ளூரில் சொல்வார்கள். எப்படியிருந்தாலும் இந்த மீனை உப்பிடும் வழக்கம் இந்தப் பகுதியில் மிகப் பழையது.

இந்த ஊர் எப்போதும் வசதியாக இருந்ததில்லை. 19-ஆம் நூற்றாண்டிலும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் நிறையக் குடும்பங்கள் படகோடும் வலையோடும் வெளியேறின. பிரான்ஸின் தென்கரையில் இருக்கும் செத் துறைமுகத்தில் இன்றைய மீனவக் குடும்பங்களில் பலவற்றின் வேர் சேத்தாராவிலும் கயெத்தா என்ற இன்னொரு இத்தாலியத் துறைமுகத்திலும் இருக்கிறது. அங்கேயும் அவர்கள் பிடித்தது நெத்திலியும் சூரையும்தான்.

இனி, இன்றைய நிலைமை. அமால்ஃபி கடற்கரை நெடுக ஓடுவது மலையைக் குடைந்து 19-ஆம் நூற்றாண்டில் போட்ட ஒரே ஒரு குறுகலான சாலை. கோடையின் நெரிசல் நாட்களில் வெளியாட்களின் கார்களை எண்பலகையின் ஒற்றைப்படை, இரட்டைப்படைக் கணக்கில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் அனுமதிக்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். கரை நெடுகக் குடியிருப்பு வீடுகள் விடுமுறை வாடகைக்கு மாறுகின்றன. பொசித்தானோவில் இடம் கிடைக்காத கூட்டம் கிழக்கே நகர்ந்துகொண்டிருக்கிறது. கொலாத்துராவின் புகழ் சேத்தாராவுக்கு நன்மை செய்தது: மலிவாகப் போய்க்கொண்டிருந்த நெத்திலிக்கு விலை வந்தது, உப்பிடும் கைவேலைக்கு மரியாதை வந்தது. அதே புகழ், சாப்பிட மட்டும் வந்து இரண்டு மணி நேரத்தில் கிளம்பிவிடும் கூட்டத்தையும் கூட்டிவருகிறது. என் கவலை இதுதான். படகு ஓட்டுகிறவனின் மகனால் அதே தெருவில் வாடகைக்கு வீடு எடுக்க முடியாத நாள் வந்தால், கோபுரமும் குவிமாடமும் அப்படியே இருக்கும், விடியற்காலையில் மீன்பெட்டி இறக்குகிற சத்தம் இருக்காது.

அதனால் போகிறவர்கள் அவசரமில்லாமல் போக வேண்டும். நேப்பிள்ஸிலிருந்து ரயிலில் சலேர்னோ முக்கால் மணி நேரத் தூரம். வசந்தத்திலிருந்து இலையுதிர்காலம் வரை அங்கிருந்து படகு உண்டு. அந்த வழியாக வருவதே சிறப்பு, ஏனென்றால் இந்த ஊரைக் கடலிலிருந்துதான் பார்க்க வேண்டும். குளிர்காலத்தில் படகு நின்றுவிடும், பேருந்துதான். மே, ஜூன் மாதங்களில் நெத்திலி மும்முரம். ஜூன் 29 புனித பேதுருவின் திருநாள். மீனவரான அந்தச் சீடரின் சிலையைத் தோளில் சுமந்து துறைமுகத்துக்குக் கொண்டுபோய், திரும்பும்போது ஆலயப் படிகளில் ஓட்டமாக ஏறுவார்கள். டிசம்பர் தொடக்கம் இன்னொரு நல்ல சமயம்: புது வடிநீர் இறங்கும் நேரம், வெளியாட்களும் குறைவு. எப்போது போனாலும் ஒரு இரவாவது தங்குங்கள். மாலையில் படகுகள் கிளம்புவதையும் விடியற்காலையில் திரும்புவதையும் பார்க்காமல் வந்தால் ஊரைப் பார்த்ததாகவே ஆகாது. பிற்பகலில் தெருவில் குரலைத் தாழ்த்திப் பேசுங்கள். காயப்போட்ட வலையை மிதித்துவிடாதீர்கள்.

வரும்போது ஒரு குட்டிப் புட்டி கொலாத்துரா வாங்கிவந்தால் பல மாதம் வரும், கெடாது. இதை அடுப்பில் சூடாக்கக் கூடாது. பாஸ்தாவை உப்பே போடாத தண்ணீரில் வேகவைக்க வேண்டும், உப்பெல்லாம் புட்டிக்குள்ளேயே இருக்கிறது. ஒரு கிண்ணத்தில் ஆளுக்கு ஒரு ஸ்பூன் கொலாத்துரா, இரண்டு மூன்று ஸ்பூன் ஆலிவ் எண்ணெய், நசுக்கிய பூண்டு ஒரு பல், கிள்ளிய காய்ந்த மிளகாய், நறுக்கிய பார்ஸ்லி. பாஸ்தா வெந்த நீரிலிருந்து அரைக் கரண்டி. சுடச்சுட வடித்த பாஸ்தாவை அதில் போட்டுப் புரட்டி உடனே சாப்பிட வேண்டும். சீஸ் தூவாமல்.